கூழ்மம் தயாரிக்கப்போகும் இளம் வேதியியலாளருக்கு

கூழ்மம் என்பது தனியொரு பொருள் வகை அல்ல; பொருள் இருக்கும் ஒரு நிலை. 1861-இல் கூழ்மங்களுக்குப் பெயர் சூட்டிய தாமஸ் கிரஹாம், சவ்வின் வழியே எளிதில் ஊடுருவும் உப்பு, சர்க்கரை முதலியவற்றை ஓர் இனமாகவும், ஊடுருவத் தயங்கும் ஜெலட்டின், கோந்து முதலியவற்றை வேறோர் இனமாகவும் பிரித்தார். அந்தப் பிரிவினை நிலைக்கவில்லை. நீரில் உண்மைக் கரைசலாகும் சோற்றுப்பைப் பென்சீனில் கூழ்மமாக்க முடியும். நீரில் கூழ்மமாக இருக்கும் சோப்பு ஆல்கஹாலில் உண்மைக் கரைசலாகிவிடும். கணக்கெல்லாம் துகளின் அளவில்தான்: ஏறத்தாழ 1 முதல் 1000 நானோமீட்டர் வரை. வடிதாளில் இவை தங்குவதில்லை. ஆனால் இருட்டில் குறுக்கே பாய்ச்சும் ஒளிக்கற்றை காட்டிக்கொடுத்துவிடும். அதுவே டிண்டால் விளைவு.

ஆய்வகத்தில் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது ஃபெரிக் ஹைட்ராக்சைடு கூழ்மம். கொதிக்கும் வாலைவடிநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைத் துளித்துளியாக விட்டுக் கலக்க வேண்டும். மஞ்சள் போய் ஆழ்ந்த செம்பழுப்பு நிறம் வரும். துகள்கள் தம் பரப்பில் ஃபெரிக் அயனிகளைக் கவர்ந்து நேர்மின்சுமை பெறுகின்றன. ஒரே மின்சுமை என்பதால் ஒன்றையொன்று விலக்கி, சேர்ந்து படியாமல் மிதக்கின்றன.

வினையில் உண்டான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீக்கக் கூழ்மத்தைச் சவ்வுப்பையில் இட்டு நீரில் தொங்கவிடுவது வழக்கம். புதியவர்கள் தவறுவது இங்கேதான். சுத்தம் என்றால் முழுச் சுத்தம் என்று எண்ணி, மின்பகுளி துளியும் இல்லாமல் நீக்கப் பார்ப்பார்கள். மின்சுமை தந்த அயனிகளும் அதோடு போய்விட, கூழ்மம் திரிந்துவிடும். சிறிதளவு மின்பகுளி எஞ்சியிருக்க வேண்டும்.

மிகுந்தாலும் கேடுதான். எவ்வளவு மிகை என்பதை எதிர் அயனியின் மின்சுமை தீர்மானிக்கிறது. இது ஹார்டி–ஷூல்ஸ் விதி. எதிர்மின்சுமை கொண்ட ஆர்சனிக் சல்ஃபைடு கூழ்மத்தைத் திரிக்க லிட்டருக்குச் சுமார் 51 மில்லிமோல் சோடியம் குளோரைடு வேண்டும். பேரியம் குளோரைடு 0.69 போதும், அலுமினியம் குளோரைடோ வெறும் 0.093. ஃபெரிக் ஹைட்ராக்சைடு நேர்மின்சுமை கொண்டது; ஆகவே அதற்குப் பகை எதிர் அயனிகள், குறிப்பாகச் சல்ஃபேட்.

குழாய்நீரில் சல்ஃபேட் இருக்கக்கூடும். குழாய்நீரில் கழுவிய குடுவையை வாலைவடிநீரால் நன்றாக அலசிய பிறகே கூழ்மத்துக்கு எடுக்க வேண்டும்.