காவற்காரன் மட்டும் போதுமா?

அரசு எதற்காக இருக்கிறது என்பது அரசியல் அறிவியல் மாணவரிடம் முதலாண்டின் முதல் வகுப்பிலேயே கேட்கப்படும் வினா. மக்களுக்காக என்று எல்லோரும் எளிதில் விடை சொல்லிவிடுகிறோம். அரசு எதைச் செய்யக்கூடாது என்று கேட்டால்தான் தயங்குகிறோம். தயக்கத்திற்குக் காரணம் உண்டு. நியாயவிலைக் கடை அரிசி, பள்ளியில் சத்துணவு, அரசுப் பேருந்து, இப்பொழுது இந்த அரசு கலைக் கல்லூரி என்று நம்மில் பெரும்பாலோர் அரசு என்னும் மரத்தின் நிழலிலேயே வளர்ந்தவர்கள். அம்மரத்தின் கிளைகளை வெட்டினால் என்ன என்று ஒருவர் கேட்டால், நமக்குச் சிந்தனை வருமுன் சினம் வருகிறது.

எனக்கும் அப்படித்தான் வந்தது. துறைக் கருத்தரங்கிற்குச் சீட்டுக் குலுக்கியபோது எனக்கு விழுந்த தலைப்பு, ஆங்கிலத்தில் லிபர்ட்டேரியனிசம் என வழங்கும் தன்னுரிமைக் கொள்கை. பத்து நிமிடத்தில் மறுத்துப் பேசி அமர்ந்துவிடலாம் என்றெண்ணி நூலகத்திற்குப் போனேன். படிக்கப் படிக்க, மறுப்பது நான் நினைத்த அளவு எளிதன்று என்பது விளங்கிற்று. அதற்குக் காரணம் புத்தகம் மட்டுமன்று, என் வீடுந்தான்.

கொள்கையின் வேர்

ஒவ்வொரு மனிதனும் தன் உடலுக்கும் உழைப்புக்கும் தானே உடையவன். பிறருக்குத் தீங்கு செய்யாதவரை அவனைத் தடுக்க எவருக்கும், அரசுக்கும்கூட, உரிமையில்லை. தன்னுரிமைக் கொள்கையின் சாரம் இவ்வளவே. இதன் வேர் 17ஆம் நூற்றாண்டின் ஜான் லாக்கிடம் இருக்கிறது. உயிர், உரிமை, உடைமை ஆகியவற்றைக் காக்கவே மக்கள் கூடி அரசை அமைத்தனர் என்றார் அவர். 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் "சுதந்திரம்" பற்றிய தம் நூலில், பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பதற்காக மட்டுமே ஒருவன்மீது அதிகாரம் செலுத்தலாம் என்று எல்லை வகுத்தார். இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மில் 1823 முதல் 1858 வரை இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக இருந்தவர். நம் நாட்டு நிருவாகக் கடிதங்களை எழுதிய அதே கைதான் அந்நூலையும் எழுதியது. அதில், பின்தங்கிய சமுதாயங்களுக்கு இக்கோட்பாடு பொருந்தாது என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறார். சுதந்திரத்தின் கதவைத் திறந்துவைத்தவர், நம்மை மட்டும் வாசலில் நிற்கச் சொல்லிவிட்டார்!

இக்கொள்கையை அதன் கடைசி எல்லைவரை கொண்டு சென்றவர் ஹார்வார்டுப் பேராசிரியர் இராபர்ட் நோசிக். 1974இல் வெளிவந்த "அராஜகம், அரசு, கற்பனைப் பொன்னுலகு" என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலில், வன்முறை, திருட்டு, மோசடி ஆகியவற்றிலிருந்து காப்பதும், ஒப்பந்தங்களை நிறைவேற்றுவதும் மட்டுமே அரசின் கடமை என்றார். இரவுக் காவற்காரனைப் போன்ற அரசு. அவர் தரும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. வில்ட் சேம்பர்லின் என்னும் கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைக் காண வருவோர் ஒவ்வொருவரும் நுழைவுச்சீட்டுடன் 25 சென்ட்டை அவருக்கென்று மகிழ்ச்சியோடு தருகின்றனர். பத்து இலட்சம் பேர் வந்தால் அவரிடம் இரண்டரை இலட்சம் டாலர் சேர்கிறது. எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை. அப்படியிருக்க, சமத்துவத்தின் பெயரால் அதைப் பறிக்க அரசுக்கு என்ன நியாயம் என்று கேட்கிறார். உழைப்பின் ஊதியத்தின்மீது விதிக்கும் வரி, கட்டாய உழைப்புக்கு நிகர் என்பது அவர் முடிவு.

வகுப்பில் இதைச் சொன்னதும் நண்பர்கள் சிரித்தனர். ஆனால் இந்த ஐயம் நமக்குப் புதியதன்று. கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர், செங்கோலைக் கையிலேந்திய அரசன் முறையின்றிப் பொருள் கேட்பதை, வேலோடு வழிமறிக்கும் கள்வனின் செயலுக்கு ஒப்பிடுகிறார். அதே வள்ளுவர் இறைமாட்சியில் பொருளை உண்டாக்கலும் சேர்த்தலும் காத்தலும் பகுத்தலும் அரசின் வேலை என்கிறார். நோசிக் இவற்றுள் காத்தலை மட்டும் ஒப்புவார்.

பொன்னும் சட்டமும்

இனி என் வீட்டுக்கு வருகிறேன். என் தாத்தா பொற்கொல்லர். ஊரில் அவரைப் பத்தர் என்றே அழைப்பர். திண்ணையை ஒட்டிய சிறு பட்டறை, உமி நெருப்பு, ஊதுகுழல், உரைகல், தராசு. இவையே அவர் முதலீடு.

1962இல் சீனப் போர் வந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் கடத்தலும் நாட்டை வருத்தின. மக்களின் பொன்னாசையைக் குறைத்தால் இரண்டும் தீரும் என்று எண்ணிய நடுவண் அரசு, 1963 சனவரியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ப் பொன் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புது நகை செய்வது குற்றமாயிற்று. நம் நாட்டில் வழக்கம் 22 காரட். 14 காரட் பொன் நிறம் மங்கியது, கடினமானது, பழைய நுண்வேலைக்கு எளிதில் வளையாதது. நாடெங்கும் பொற்கொல்லர் வேலையிழந்தனர்; உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

"தாலிக்குப் பதினாலு காரட்டுன்னா எந்தத் தாய் சம்மதிப்பா?" என்று பாட்டி இன்றும் கேட்கிறார். தாத்தா மளிகைக் கடையில் பொட்டலம் கட்டப் போனார். ஊதுகுழல் பிடித்த விரல்கள் சணல் கயிறு சுற்றின. 1966இல் 14 காரட் விதி நீங்கியது. ஆனால் 1968இல் பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பொற்கொல்லர் சான்றிதழ் பெற வேண்டும், கணக்கு வைக்க வேண்டும் என்றாயிற்று. அச்சட்டத்தின் சில பிரிவுகளை 1969இல் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்றது. எஞ்சிய சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கடத்தல் குறையவில்லை, பெருகியது. பொன்னாசை குறைந்ததா என்பதை எந்த நகைக்கடை வாசலிலும் பார்த்துக்கொள்ளலாம். தாத்தா பட்டறைக்குத் திரும்பினார் என்றாலும் பழைய வாடிக்கை திரும்பவில்லை. அப்பா அத்தொழிலைக் கற்கவேயில்லை, ஆட்டோ ஓட்டுகிறார். அதற்கும் பெர்மிட் வேண்டும்.

இந்தக் கதையை எனக்கு விளக்கித் தந்தவர் பிரெடெரிக் ஹாயக். 1944இல் "அடிமைத்தனத்திற்கான பாதை" எழுதியவர். 1974இல் குன்னார் மிர்தாலுடன் பொருளியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 1945இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் கருத்து இது: ஒரு நாட்டின் பொருளியலுக்கு வேண்டிய அறிவு ஓரிடத்தில் திரண்டு கிடப்பதில்லை; கோடிக்கணக்கான மக்களிடம் துண்டு துண்டாய்ச் சிதறிக் கிடக்கிறது; அதை ஒரு மேசைக்குக் கொண்டுவர எந்த அதிகாரியாலும் இயலாது. டெல்லியில் அவ்விதியை எழுதியவர் கொடியவர் அல்லர். நாட்டுநலம் கருதியே எழுதினார். தாலி எத்தனை காரட்டில் செய்யப்படும், வங்கி இல்லாத ஊரில் ஒரு பெண்ணுக்கு நகைதான் சேமிப்பு என்பதெல்லாம் அவர் கோப்பில் இல்லை. அவ்வளவுதான்.

இராஜாஜியின் கட்சி

நம் நாட்டில் இக்குரலை அரசியலில் எழுப்பியவர் நம்மவரே. 1959 சனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரசு கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றிய பின், அவ்வாண்டே இராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது எண்பது. தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெறவேண்டியிருந்த காலம் அது. அதைப் பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யம் என்று அவர் சாடினார். 1967 தேர்தலில் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. நம் மாநிலத்தில் தி.மு.கழகத்துடன் தோழமை கொண்டது. 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சி வேறொரு கட்சியில் கரைந்தது. அவர் எதிர்த்த உரிம ஆட்சியின் பெரும்பகுதியை 1991இல் காங்கிரசு அரசே நீக்கியது விந்தைதான்.

ஆயினும் அக்கட்சியைத் தூய தன்னுரிமைக் கட்சி என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முன்னாள் மன்னர்களும் பெருநிலக்கிழார்களும் அதில் திரண்டிருந்தனர். இராஜாஜியிடமும் இரு போக்குகள் இருந்தன. 1952இல் சென்னை மாநில முதலமைச்சராக உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவரே. அரிசி வாங்க அரசு குறுக்கே நிற்கக்கூடாது, கள் குடிக்க நிற்கலாம்! 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, எஞ்சிய நேரம் பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்து நாடே கிளர்ந்தது. 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். அது நிலைத்திருந்தால் எங்கள் வீட்டுப் பையன் அரைநாள் உமி நெருப்பை ஊதிக் கற்றிருப்பான்; பத்தாண்டு கழித்து மற்றொரு விதி வந்து அந்த நெருப்பையும் அணைத்திருக்கும்.

தேநீர்க் கடை வாசல்

இவ்வளவு சொன்னபின் நான் நோசிக்கின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று தோன்றலாம். கருத்தரங்கிற்கு முந்திய இரவு நானும் அப்படித்தான் நினைத்தேன். பாட்டியிடம் அக்காலத்து ஊரைப்பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் தற்செயலாக ஒன்று சொன்னார். எங்கள் தெருமுனையில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. தாத்தாவுக்குப் பெஞ்சும் கண்ணாடிக் குவளையும். காலனியிலிருந்து வந்தவர்களுக்கு வெளியே நின்று சிரட்டையில், பிற்காலத்தில் தனிக் குவளையில். "தாத்தா ஒன்றும் சொல்லவில்லையா?" என்றேன். "அப்ப யாரு சொன்னா?" என்றார் பாட்டி.

கடை தனியாருடையது. தேயிலையும் பாலும் அவருடையவை. வன்முறையோ திருட்டோ மோசடியோ இல்லை. இரவுக் காவற்காரன் அத்தெரு வழியே நடந்துபோனால், அவன் சட்டப்படி அங்கே அவனுக்கு வேலையில்லை. 1964இல் அமெரிக்காவில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் அதற்கு எதிராக வாக்களித்தார். இனவெறுப்பால் அன்று, கடைக்காரரும் முதலாளியும் யாரை ஏற்பது என்பதில் நடுவண் அரசு தலையிட அரசமைப்பு இடந்தரவில்லை என்பதே அவர் வாதம். நம் அரசமைப்பை வகுத்தவர்கள் வேறு முடிவு செய்தனர். 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது; 15ஆம் உறுப்பின் இரண்டாம் உட்பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம் என்று பெயர் சொல்லியே, சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக்கூடாது என்றது. 1950 சனவரி 26 முதல் அரசு அந்தத் தேநீர்க் கடைக்குள் நுழையும் உரிமை பெற்றது. சட்டம் நுழைந்த பிறகும் தனிக் குவளை பல ஊர்களில் நெடுநாள் இருந்தது என்பது வேறு வருத்தம்.

1947இல் எழுதிய "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" என்னும் அறிக்கையில் அம்பேத்கர் இதைத்தான் வேறு வகையில் கேட்டார். அரசின் பிடியிலிருந்து விடுதலை என்றால் அவ்விடுதலை யாருக்கு? குத்தகையை உயர்த்த நிலக்கிழாருக்கும், வேலை நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைக்க முதலாளிக்கும் கிடைக்கும் விடுதலை அது என்றார். தன்னுரிமைவாதிகள் அரசின் கையிலுள்ள தடியை நன்றாகப் பார்க்கிறார்கள். ஊரின் கையிலுள்ளதை அவர்கள் பார்ப்பதில்லை. என் தாத்தா முதல் தடியால் அடிபட்டவர். இரண்டாவது தடியின் பக்கத்தில் பெஞ்சில் அமர்ந்திருந்தவர். இரண்டையும் எழுதாவிட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

நோசிக்கின் நூலிலேயே இதற்கு ஒரு சன்னல் திறந்திருப்பதைப் பின்னரே கவனித்தேன். உடைமை நியாயமானதா என்பதற்கு அவர் மூன்று விதிகள் வைக்கிறார்: முதலில் நேர்மையாகப் பெற்றிருக்க வேண்டும், நேர்மையாகக் கைமாறியிருக்க வேண்டும், இவ்விரண்டில் எது தவறியிருந்தாலும் அத்தவற்றைச் சரிசெய்ய வேண்டும். கடந்தகால அநீதிகள் மிகப் பெரியவையாயின், அவற்றைத் திருத்தச் சிலகாலம் காவற்காரனைவிடப் பெரிய அரசு தேவைப்படலாம் என்றும் ஒப்புக்கொள்கிறார். பல பக்கங்கள் ஓடும் கூடைப்பந்துக் கதையை எல்லோரும் மேற்கோள் காட்டுவர். இந்தச் சில வரிகளை ஏனோ மறந்துவிடுவர். நிலம் வைத்திருக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் எழுத்துக் கற்கவும் தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்ட மக்கள் வாழும் நாட்டில், அச்சில வரிகளே நூலின் பெரும்பகுதியாக வேண்டும்.

கருத்தரங்கில் ஒரு நண்பர் நேராகவே கேட்டார்: "உன் படிப்புக்கு யாரோ ஒருவர் உழைத்த பணம் செலவாகிறதே, அதற்கு என்ன சொல்கிறாய்?" நியாயமான கேள்வி. பாட்டி வாங்கும் சோப்பிலும் அப்பாவின் கைப்பேசிக் கட்டணத்திலும் வரி இருக்கிறது என்றேன். 2017 முதல் நகை வாங்குவோர் 3 விழுக்காடு சரக்கு-சேவை வரி செலுத்துகின்றனர். வரி கட்டுவோர் வேறு, பயன் பெறுவோர் வேறு என்பது கணக்குத் தெரியாத பேச்சு என்றேன். ஆனால் அது முழு விடையன்று என்பதும் எனக்குத் தெரியும். மில்டன் பிரீட்மன் சொன்னதுபோல் அரசு பணம் மட்டும் தரட்டும், கல்லூரியை நடத்துவது எதற்கு என்று அவர் தொடர்ந்திருந்தால், எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் வந்துபோகும் தொலைவில் இதைத் தவிர வேறு கலைக் கல்லூரி இல்லை என்பதைத்தான் என்னால் சொல்லியிருக்க முடியும். நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

நோசிக் 1989இல் வெளியிட்ட மற்றொரு நூலில், தாம் முன்பு வலியுறுத்திய தன்னுரிமைக் கொள்கை இப்பொழுது தமக்கே பெரிதும் போதாததாகத் தோன்றுகிறது என்று எழுதினார். 2002இல் மறைவதற்குச் சிலகாலம் முன்பு ஒரு நேர்காணலில், தாம் அக்கொள்கையை விட்டுவிட்டதாகச் சொல்வது மிகை என்றும் கூறினார். பதினைந்து ஆண்டு யோசித்து ஒருமுறை, மேலும் பன்னிரண்டு ஆண்டு யோசித்து ஒருமுறை. நமக்குப் பருவத் தேர்வில் இதே வினாவுக்குப் பத்து மதிப்பெண், இருபது நிமிடம்.