லித்தியம் சாப்பிடுகிறவர்கள் உப்பைக் குறைக்கலாமா?

"கை நடுங்குது டாக்டர். காபி டம்ளரைப் பிடிச்சா சிந்துது. மாத்திரையை நிறுத்திடட்டுமா?"

லித்தியம் சாப்பிட ஆரம்பித்தவர்கள் பலர் கேட்கிற கேள்வி. கேட்டால் நல்லதுதான். கேட்காமலே நிறுத்திவிடுகிறார்களே, அவர்களை நினைத்தால்தான் பயம்!

சில வாரம் தலைகால் புரியாத உற்சாகம், தூக்கமில்லாமல் ஓயாத பேச்சு, கண்மண் தெரியாத செலவு. அப்புறம் மாதக்கணக்கில் எதிலுமே பிடிப்பில்லாத சோர்வு. இப்படி மாறி மாறி வருவதுதான் 'பைபோலார்' மனநோய். 1949-ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த லித்தியம், இன்றைக்கும் இதற்கு முக்கியமான மருந்து. திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பலாம்; தற்கொலை எண்ணமும் வரலாம். அதனால் தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்தாலே நடுக்கம் அடங்கிவிடும் பலருக்கு.

உப்பு விஷயத்துக்கு வருவோம். லித்தியமும் ஒரு வகை உப்புதான். சாப்பாட்டு உப்பிலுள்ள சோடியத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி! உடம்பில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சாப்பிடுவது அதே மாத்திரை, அதே அளவு. ஆனால் ரத்தத்தில் லித்தியம் ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே, யாரோ சொன்னார்கள் என்று திடீரென உப்பில்லாப் பத்தியம் இருக்காதீர்கள். அள்ளிப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். தினமும் வழக்கமான அளவு, அவ்வளவுதான். அக்னி நட்சத்திர வெயிலில் வேலை, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் இரண்டும் ஆகாது. வாந்தி பேதியா? அடுத்த வேளை மாத்திரையைப் போடலாமா என்று அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள்.

இன்னொரு வம்பு, மூட்டுவலி என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிற மாத்திரை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகைகள் லித்தியத்தை ஏற்றிவிடும். காய்ச்சல், தலைவலிக்குப் பாரசிட்டமால் பொதுவாகப் பரவாயில்லை. எனலாப்ரில், லோசார்ட்டான் போன்ற பி.பி. மாத்திரைகளும், நீர் பிரியக் கொடுக்கிற மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், "லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

தாகம் அதிகமாக இருக்கும். தண்ணீர், மோர் குடியுங்கள். கலர், ஜூஸ் என்று போனால் ஏற்கெனவே ஏறுகிற எடை இன்னும் ஏறும். குமட்டினால் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். நடுக்கத்துக்குப் பயந்து காபியை ஒரேயடியாக விடாதீர்கள், அதுவும் லித்தியத்தின் அளவை உயர்த்தும்! டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

வீட்டிலே இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: லேசான நடுக்கம் பெரிய உதறலாக மாறுகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, கூடவே வாந்தி பேதி, குழப்பம்... 'குடிச்சிட்டு வந்திருக்காரோ' என்று சந்தேகப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். லித்தியம் விஷமாகிவிட்டதன் அடையாளம் இது. அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இந்த நிலைமை வராமலிருக்கத்தான் ரத்தப் பரிசோதனை. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரி 8-க்குப் போட்டால் காலை 8-க்கு, காலை மாத்திரைக்கு முன்னால். பலருக்கு 0.6-லிருந்து 0.8 வரை போதும், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் பரிசோதனையும் உண்டு. தைராய்டை விட்டுவிடாதீர்கள். லித்தியத்தால் தைராய்டு சுரப்பு குறைந்தால் அசதி, தூக்கம், எதிலும் மந்தம் வரும். பார்ப்பதற்கு அச்சாக மனச்சோர்வு மாதிரியே இருக்கும். 'மருந்து கேட்கவில்லை' என்று வீட்டிலே கலங்கிவிடுவார்கள். தைராய்டு மாத்திரை சேர்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். லித்தியத்தை நிறுத்த வேண்டியிருக்காது.