ராப் சொன்னதை நம்பாதே

தம்பிக்கு,

'ஹை ஃபிடெலிட்டி' படம் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். லண்டன் கதையைச் சிகாகோவுக்குக் கடத்திவிட்டார்கள் என்று ஒன்றரைப் பக்கம் புலம்பியிருக்கிறாய். 1995-இல் நாவலை எழுதிய நிக் ஹார்ன்பியே படம் பார்த்துச் சந்தோஷப்பட்டார்; உனக்கென்ன வந்தது? அதை விடு.

என் எரிச்சல் வேறு. தன்னை நொறுக்கிய ஐந்து காதல் பிரிவுகள் என்று, ரெக்கார்டு கடை வைத்திருக்கும் நாயகன் ராப் பட்டியல் போடுகிறான். நீ அதை அப்படியே வாங்கி இறக்கிவிட்டாய். கேமராவைப் பார்த்துப் பேசுகிறவன் பொய் சொல்ல மாட்டானா? பழைய காதலி பென்னி வரும் காட்சியைத் தாண்டியே போயிருக்கிறாய். பள்ளி நாளில் அவள் இணங்கவில்லை என்று உதறிவிட்டுப் போனவன் இவன். அதன் பிறகு தனக்கு நேர்ந்ததைச் சாப்பாட்டு மேஜையில் கொதித்துச் சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். இவனோ, 'அப்படியானால் விட்டது நான்தான்' என்று குளிர்ந்து போகிறான்! மற்றதெல்லாம் காதில் ஏறவேயில்லை. ராபாக நடிக்கும் ஜான் குசாக்கின் முகத்தில் அந்த அற்பச் சந்தோஷத்தைப் பார். இயக்குநர் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் அவனை எடை போட்டுக் காட்டும் இடம் அது. நீயானால் 'இனிமையான காதல் நகைச்சுவை' என்கிறாய்.

அப்புறம், இசைப் பைத்தியங்களின் படம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய், கட்டுரையில் ஒரு பாட்டாவது கேட்கிறதா? பீட்டா பேண்டின் ஆல்பத்தில் ஐந்து பிரதி இப்போது விற்கிறேன் பார் என்று கடையில் வேலை பார்க்கும் டிக்கிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு ராப் பாட்டைப் போடுகிறான். கடையில் ஒவ்வொரு தலையாக ஆடத் தொடங்குகிறது. பாடுவது யாரென்று ஒருவன் கேட்கிறான். அவ்வளவுதான் காட்சி. கேட்கிற முகத்தைக் காட்டாமல் சங்கீதத்தைப் படம்பிடிக்க முடியாது. இதை முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன், என் வீட்டிலேயே யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆனால் டிக்கைப் பற்றிய உன் நாலு வரி இருக்கிறதே, அடடா! கடையின் இன்னொரு ஊழியனாக வரும் ஜாக் பிளாக் போடுகிற சத்தத்தில், டிக்காக வரும் டாட் லூயிஸோவை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கிரீன் டே இசைக்குழு பிடிக்கும் என்கிற பெண்ணை மட்டம் தட்டாமல், அவர்களுக்கு முன்னோடியான 'ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ்' வரை அவன் கூச்சத்தோடு கூட்டிப்போவதை நீ பார்த்திருக்கிறாய். அந்தப் பத்தி எனக்கு வாய்த்திருந்தால் ஒரு வாரம் கர்வத்தோடு அலைந்திருப்பேன்.

எங்கள் ஊர் ரெக்கார்டிங் கடைக்காரரும் டிக்கின் ஜாதிதான். பாட்டுப் பட்டியலையும் காலி கேசட்டையும் கொடுத்துவிட்டு வருவோம். பக்கம் முடிகிற இடத்தில் மூன்று நிமிஷம் மிஞ்சினால், கேட்காமலே தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் பதிந்து வைத்திருப்பார். காசு கிடையாது. 'எப்படி இருந்தது?' என்று மட்டும் அடுத்த முறை கேட்பார். அவரிடம்தான் பழைய ஜி. ராமநாதன் பாட்டுகளையெல்லாம் கேட்டேன். அட்டையில் அந்தப் பாட்டை எழுதவும் மாட்டார், நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கோ போய்விட்டேன். ராபின் காதலி லாராவின் அப்பா சாவு பற்றித் தனியாக எழுதப் போகிறாயாமே. அதற்கு முன் பென்னி காட்சியை, சத்தத்தை அணைத்துவிட்டு, அவள் முகத்தை மட்டும் பார். பிறகு எழுது. எழுதியதும் எனக்கு அனுப்பு.