சோற்றை நிறுத்தினோம், தண்ணீரை மறந்தோம்
(இம்மாதப் பாடம்: சிறுநீரகக் கல்)



சமீபத்தில் நமது கூட்டமைப்பின் கடற்கரைப் பகுதிக் குழு ஒன்றில் உள்கடன் கேட்டு ஒரு சகோதரி மனு கொடுத்தார். காரணம்: மருத்துவச் செலவு. மாமல்லபுரம் பக்கம் கூடையில் மீன் விற்பவர். சர்க்கரை நோய் உண்டு. சிறுசேரியில் வேலை பார்க்கும் மகன் செல்போனில் பார்த்து ஒரு டயட் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"நாலு மாசமா சோத்தைத் தொடலைக்கா. காலையில நெய்யில வறுத்த பாதாம், மத்தியானம் மீனு முட்டை, ராத்திரி பன்னீர். எட்டு கிலோ எறங்குச்சு, சுகரும் எறங்குச்சு. ஒருநாள் விடியக்காலை விலாவுல குத்த ஆரம்பிச்சது பாருங்க, புள்ளப்பேறு வலியே தேவலாம்னு ஆயிடுச்சு."

ஸ்கேனில் 7 மில்லிமீட்டர் கல். குழு கடன் கொடுத்துவிட்டது. ஆனால் அதே கூட்டத்தில் இன்னும் மூன்று பேர் அதே டயட்டில் இருப்பது தெரிய வந்தது. அதனால்தான் இந்தப் பாடம்.

அது என்ன டயட்?

அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை எல்லாவற்றையும் குறைத்து, கறி, மீன், முட்டை, நெய், வெண்ணெய் என்று கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் முறை. 2010-க்குப் பிறகு 'பேலியோ' என்ற பெயரில் தமிழ்நாட்டில் வேகமாகப் பரவியது. இதையே இன்னும் கடுமையாகச் செய்தால் 'கீட்டோ'. எடையும் சர்க்கரையும் குறைந்தவர்கள் பலர் உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதோடு கூட வரும் ஆபத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

கல் எப்படி உண்டாகிறது?

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு பூக்கும். சிறுநீரகத்திலும் அப்படித்தான். சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் ஆகியவை கரைந்திருக்கின்றன. தண்ணீர் குறைந்து அவை கெட்டியானால் முதலில் பொடியாகும், பிறகு கல்லாகும். அப்படிச் சேரவிடாமல் தடுக்கும் காவல்காரன் ஒருவன் உண்டு. அவன் பெயர் சிட்ரேட். எலுமிச்சையில் நிறைய இருக்கிறது.

இந்த டயட்டில் நடப்பது என்ன?

1. மாவுச்சத்தைக் குறைத்த முதல் சில நாட்களில் உடம்பிலிருந்து உப்பும் தண்ணீரும் அதிகம் வெளியேறும். சீக்கிரம் எடை இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகிவிடும்.

2. கறியும் மீனும் கூடி, பழமும் காயும் குறைந்தால் உடம்பில் அமிலம் கூடும். அதனால் சிறுநீரில் கால்சியம் ஏறும், சிட்ரேட் இறங்கும். 2002-இல் அமெரிக்காவில் 10 பேருக்கு ஆறு வாரம் இப்படி உணவு கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் கால்சியம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது.

3. மத்தி, நெத்திலி போன்ற மீன்கள் யூரிக் அமிலத்தைக் கூட்டும். கருவாட்டின் உப்பு சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும்.

4. பாதாமில் ஆக்சலேட் மிக அதிகம். இந்த டயட்டில் காலைக்கு 100 பாதாம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதில் மட்டும் 400 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சலேட் இருக்கும். கல் வந்தவர்கள் நாள் முழுதும் 100 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

வலிப்பு நோய்க்காக டாக்டர் மேற்பார்வையில் கீட்டோ உணவு சாப்பிடும் குழந்தைகளிலேயே நூற்றுக்கு ஆறு பேருக்குக் கல் வருகிறது. சிட்ரேட் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே குறைந்தது என்று 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்களைக் கவனிக்க டாக்டர் இருக்கிறார். செல்போன் பார்த்துச் செய்யும் நம்மை யார் கவனிப்பது?

நமக்கு மட்டும் உள்ள கஷ்டம்

அந்தச் சகோதரியிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டோம். சிரித்தார். "காலையில நாலு மணிக்கு ஏலத்துக்குப் போனா வீடு திரும்ப மத்தியானம் ரெண்டு மணி. நடுவுல ஒண்ணுக்குப் போக எங்க எடம் இருக்கு? தண்ணி குடிச்சாத்தானே தொல்லை!"

அவர் மட்டுமா? கல் சிற்பப் பட்டறையில் வெயிலில் நிற்பவர், நூறு நாள் வேலைக்குப் போனவர், சவுக்குத் தோப்பில் வெட்டுபவர் எல்லோரும் இதையே செய்கிறோம். கல் வருவதற்கு இந்தத் தாகமே போதும். அதோடு டயட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

• சிறுநீர் வெள்ளையாக, மிஞ்சினால் வெளிர் மஞ்சளாகப் போக வேண்டும். அதுதான் அளவு. சாதாரணமாக 2½ முதல் 3 லிட்டர் தண்ணீர், வெயில் வேலை என்றால் இன்னும் கூட. இருதயக் கோளாறு, சிறுநீரகம் பழுது உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே குடிக்க வேண்டும்.
• தினமும் எலுமிச்சைச் சாறு, சர்க்கரை போடாமல், உப்பும் அள்ளிப் போடாமல்.
• "கல்லுன்னா பால், தயிர் ஆகாது" என்பது தவறு. 2002-இல் இத்தாலியில் கல் வந்த 120 ஆண்களை ஐந்து வருடம் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைத்தவர்களில் 23 பேருக்குத் திரும்பவும் கல் வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் சாப்பிட்டு, உப்பையும் கறியையும் குறைத்தவர்களில் 12 பேருக்குத்தான் வந்தது.
• பாலக், தண்டுக்கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்து, தயிரோடு சாப்பிடலாம். பாதாம் என்றால் நாலைந்து போதும்.
• எடை குறையச் சோற்றை அடியோடு நிறுத்த வேண்டாம். பாதியாக்குங்கள். அந்த இடத்தில் வெண்டை, அவரை, சுரைக்காய் வையுங்கள்.
• சர்க்கரை மாத்திரையையும் ஊசியையும் நாமாக நிறுத்தக் கூடாது. அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் நிறுத்தினாலும் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். டயட் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

5 மில்லிமீட்டருக்குள் உள்ள கல் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். வாழைத்தண்டுச் சாறு குடிப்பதில் தவறில்லை, ஆனால் பெரிய கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பி நாள் கடத்தாதீர்கள். வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், நிற்காத வாந்தி, சிறுநீர் அடைப்பு, அல்லது வலி வந்தவர் கர்ப்பிணி என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் யார் யார் இந்த டயட்டில் இருக்கிறார்கள்? டாக்டரிடம் சொன்னார்களா?
2. வேலை செய்யும் இடத்தில் நமக்குக் கழிப்பறை இருக்கிறதா? பூட்டாமல், தண்ணீரோடு இருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், ஊக்குநரும் பிரதிநிதிகளும் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இரண்டிலும் கிராம சபை உண்டு.

கடன் கொடுத்து வலியைத் தீர்ப்பது நல்லது. வலியே வராமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது. அந்தச் சகோதரி இப்போது அரை வயிறு சோறும், கூடையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலுமாகப் போகிறார். கழிப்பறைக்குத்தான் நாம் எல்லோரும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.