மருந்தின் உண்மைப் பெயர் எது?

மாணவர்களே, காய்ச்சலுக்குப் பனடோல் விழுங்கிவிட்டு, சளிக்கு வேறொரு மாத்திரையும் எடுக்கிறீர்கள். இரண்டிலும் பாரசிட்டமோல் இருந்தால்? ஒரே மருந்தை இருமுறை உட்கொண்டிருப்பீர்கள். பெரியவர்களுக்கே ஒரு நாளின் உச்ச அளவு 4,000 மில்லிகிராம்; அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் எட்டு. மிஞ்சினால் கல்லீரல் பாதிக்கப்படும். முதல் நாளில் பெரிய அறிகுறி தெரியாமலும் போகலாம்.

மருத்துவ மாணவர்கள் வணிகப் பெயரை விட்டு, மருந்தின் பொதுப்பெயரைப் படிப்பது இதற்காகவும்தான். பெயரின் ஈறும் அவர்களுக்குப் பாடம்: அமோக்சிசிலின், ஆம்பிசிலின் என ‘சிலின்’ என்று முடிபவை பென்சிலின் குடும்பம். பென்சிலின் ஒவ்வாதவருக்கு இவையும் ஆபத்தாகலாம்.

நீங்களும் பழகுங்கள்: பெட்டியில் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரையும் அளவையும் படியுங்கள். ஐயமிருந்தால் மருந்தாளரைக் கேளுங்கள்.