விருந்துக்கு ஒரு சீஸ் பலகை

மாலையில் எட்டுப் பேர் வருகிறார்கள், சாப்பாட்டுக்கு முன் பேசிக்கொண்டே கொறிக்க ஏதாவது வேண்டும் என்றால், சீஸும் பழமும் அடுக்கிய பலகை நல்ல ஏற்பாடு. அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. ஆனால் பலரும் வகை வகையாக வாங்கிப் பலகையை நிரப்புவதிலேயே பணத்தையும் கவனத்தையும் செலவழிக்கிறார்கள். சீஸ் ருசிப்பதும் ருசிக்காமல் போவதும் எண்ணிக்கையால் அல்ல. எப்போது வெளியே எடுக்கிறோம், எப்படி வெட்டுகிறோம், பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

எதை வாங்குவது?

மூன்று வகை போதும். கெட்டியானது ஒன்று: முதிர்ந்த செடார் அல்லது கௌடா. மென்மையானது ஒன்று: ப்ரீ அல்லது கமம்பேர். நெடியுள்ளது ஒன்று: புளூ சீஸ். நெடி பிடிக்காதவர்கள் வருவதாக இருந்தால் அதற்குப் பதில் ஃபெட்டா. கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் செய்கிற சீஸ் கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள். க்யூபாகவும் ஸ்லைஸாகவும் விற்கும் பதப்படுத்திய சீஸ் சாண்ட்விச்சுக்குச் சரி, பலகைக்கு எடுபடாது.

சாப்பாடு பின்னால் வருகிறது என்றால் ஆளுக்கு 50 கிராம், எட்டுப் பேருக்கு 400 கிராம். பலகையே இரவு உணவு என்றால் இரண்டு மடங்கு.

சைவ விருந்தினர் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பாலை உறைய வைக்கும் ரென்னெட், சில சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ அப்படித்தான் தயாராகிறது. உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எப்போது வெளியே எடுப்பது?

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பரிமாறினால், கொழுப்பு இறுகியிருப்பதால் மணமே வராது. ஐரோப்பாவில் ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வைப்பார்கள். நம் வெயிலுக்குக் கெட்டி சீஸுக்கு அரை மணி, ப்ரீக்கு இருபது நிமிடம் போதும். அறை வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் மென்மையான சீஸை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது. அதனால் பாதியை மட்டும் பலகையில் வையுங்கள், மீதியை ஃப்ரிட்ஜிலிருந்து பிறகு எடுத்து நிரப்பலாம்.

எப்படி வெட்டுவது?

ப்ரீயைக் குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டுங்கள், இளகிவிட்டால் கத்தியில் ஒட்டிக்கொள்ளும். வட்டத்தின் நடுவிலிருந்து முக்கோணத் துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொருவருக்கும் நடுப்பகுதியும் கிடைக்கும், வெள்ளைத் தோலும் கிடைக்கும். அந்தத் தோலைச் சாப்பிடலாம். செடாரில் கொஞ்சம் மெல்லிய துண்டுகளாகப் போட்டுவிட்டு மீதியைக் கட்டியாகவே விடுங்கள், காய்ந்து போகாது. புளூ சீஸுக்குத் தனிக் கத்தி வேண்டும். இல்லாவிட்டால் அதன் நெடி எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

பக்கத்தில் எதை வைப்பது?

செடாருக்கு ஆப்பிள், அல்லது ஒரு ஸ்பூன் இனிப்பு மாங்காய்ச் சட்னி. ப்ரீக்கு விதையில்லாத திராட்சை, அத்திப்பழம். புளூ சீஸுக்குப் பேரிக்காயும் தேனும். உப்பும் நெடியும் உள்ள சீஸைத் தேனின் இனிப்பு அடக்கிச் சமன் செய்யும். தர்பூசணி நீர் விட்டுப் பலகையை நனைக்கும். அன்னாசி, பப்பாளி இரண்டிலும் பால் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு, சீஸோடு ஒட்டிக் கிடந்தால் கசப்பு வரும். இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

அடுக்கும்போது வாழை இலையில் பரிமாறுகிற ஒழுங்கு இருக்கட்டும்: எதற்கும் அதனதன் இடம், ஒன்றின் சாறு இன்னொன்றில் ஓடாமல். முதலில் சீஸ்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள். பிறகு தேன், சட்னிக் கிண்ணங்கள். திராட்சைக் கொத்தைக் கத்தரிக்கோலால் நாலைந்து பழம் உள்ள சிறு கொத்துகளாக நறுக்கி வைத்தால் யாரும் பிய்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இடைவெளியில் வறுத்த முந்திரி, பாதாம்.

கருவுற்றிருக்கும் பெண்களுக்கு ப்ரீ, கமம்பேர், புளூ சீஸ் வேண்டாம், லிஸ்டீரியா கிருமி இருக்க வாய்ப்புண்டு. செடாரைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். முழுப் பழமும் முழு முந்திரியும் தொண்டையில் அடைக்கும்.

ஏழு மணிக்கு விருந்தினர் என்றால்

ஆறு மணிக்குப் பழங்களைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். ஆறரைக்குச் செடாரும் புளூ சீஸும் வெளியே வரட்டும். ஆறே முக்காலுக்குள் ப்ரீயை வெட்டி வையுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஆப்பிள், பேரிக்காயை நறுக்கி, கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் முக்கி எடுங்கள். க்ராக்கர் பிஸ்கட்டை எல்லாவற்றுக்கும் பிறகு வையுங்கள், கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும். அழைப்பு மணி அடிக்கும்போது சமையலறையில் உங்களுக்கு வேலை இருக்காது. வாசலுக்கே போய் வரவேற்கலாம்.