கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? பாகத்தை மாற்றும் முன் காரணத்தைக் கண்டுபிடிப்போம்

விண்ணப்பம் பூர்த்தி செய்துகொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அணைந்து, மீண்டும் தானாகத் தொடங்குகிறது. கடைக்குக் கொண்டுபோனால் "மதர்போர்டு போய்விட்டது" என்கிறார்கள். சில ஆயிரங்கள் செலவழித்து மாற்றிய பிறகும் அதே கோளாறு தொடர்கிறது. நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய வீண்விரயம். பெரும்பாலான சோதனைகளைச் செலவில்லாமல் நாமே செய்துகொள்ளலாம். பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் பத்திரப்படுத்தி, வரிசை மாறாமல் செய்து பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள்.

1. குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு ரீஸ்டார்ட் ஆனது, அப்போது என்ன வேலை நடந்தது, மின்விசிறியோ விளக்கோ மங்கியதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வீடியோ, விளையாட்டு போன்ற கனமான வேலையில் மட்டும் நடந்தால் வெப்பத்தையும் மின்சப்ளையையும் சந்தேகிக்க வேண்டும். சும்மா இருக்கும்போதும் நடந்தால் ராம், மின் இணைப்பு, ஒட்டிக்கொண்ட ரீசெட் பட்டன் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

2. நீலத்திரையை நிற்க வையுங்கள். பிழை வந்ததும் விண்டோஸ் தானே ரீஸ்டார்ட் செய்துகொள்வதால் அதன் செய்தியை நாம் படிக்க முடிவதில்லை. அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் 'ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி' பகுதிக்குச் சென்று, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு நீலத்திரை வந்து நின்றால் அதிலுள்ள பிழைக் குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். டிரைவர் கோளாறாலும் நீலத்திரை வரும் என்பதை மறக்க வேண்டாம்.

நீலத்திரையே வராமல் பட்டென்று அணைந்தால் ஈவன்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு இருக்கும். இதைக் கண்டதும் மின்சப்ளை பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் முறைப்படி அணைக்கப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். காரணத்தை அது சொல்வதில்லை.

3. வெளி மின்சாரத்தைப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து, எர்த் உள்ள வேறொரு சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகிப் பயன்படுத்துங்கள். யு.பி.எஸ். பேட்டரி பழையதானால், மின்சாரம் ஒரு கணம் தடுமாறினாலும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.ஸில் இணைக்கக் கூடாது.

4. தூசியும் வெப்பமும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசியை நீக்குங்கள். விசிறியைச் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பயாஸ் திரையில் பிராசஸரின் வெப்பநிலை தெரியும். வேலை எதுவும் இல்லாதபோதே 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விசிறி, ஹீட்சிங்க், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

5. ராம். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற சோதனை இருக்கிறது. அதைவிட ஆழமாகச் சோதிக்க 'மெம்டெஸ்ட்86' உண்டு. அதை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் கூடாது. இரண்டு ராம் இருந்தால், ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். ஒன்றில் மட்டும் பிழை வந்தால் அந்த ராம் பழுது. இரண்டிலும் வந்து, வேறு ஸ்லாட்டில் போட்டதும் பிழை மறைந்தால் கோளாறு ஸ்லாட்டில் இருக்கிறது.

6. எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட் இணைப்பில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரை. இதை மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவரே அளக்க வேண்டும். கணநேரச் சரிவை மல்டிமீட்டர் காட்டாது என்பதால் அளவு சரியாக இருந்தாலும் சந்தேகம் முழுமையாகத் தீராது. நன்றாக வேலை செய்யும், போதிய வாட்ஸ் உள்ள வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரவலாகப் பொருத்திப் பார்ப்பதே தெளிவான சோதனை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

7. மதர்போர்டு கடைசியில்தான். கபாசிட்டர்களின் தலை உப்பியோ கசிந்தோ இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து கோளாறு தொடர்ந்தால்தான் போர்டையும் பிராசஸரையும் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது குணப்படுத்தியது என்று தெரியாமல் நல்ல பாகத்தையும் தூக்கி எறிவோம். வாரம் ஒருமுறை வரும் கோளாறு ஒரு நாள் வராததால் சரியாகிவிட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது.

கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால் அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். என்ன சோதித்தீர்கள் என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்து கேட்பவரிடம் தேவையில்லாத பாகத்தை விற்பது எளிதல்ல.